மலை ஏறும் சரக்கு: வேலை வண்டியா, விளையாட்டு வண்டியா?

நம் சங்க உறுப்பினர்களில் அடிவாரத்துக் கடைகளிலிருந்து மலை ஊர்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் அண்மைக் காலமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்ததாக எந்த வண்டி வாங்கலாம்?" முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. வாடகை லாரி பிடிப்போம், அல்லது பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் பின்னால் தகரம் அடித்து ஓட்டுவோம். இப்போது கடைக்குப் போனால் கண்ணாடி போலப் பளபளக்கும் பத்து வண்டிகளைக் காட்டுகிறார்கள். அதனால்தான் இந்தப் பாடம்.

சந்தையில் இருக்கும் பிக்கப் வண்டிகளை இரண்டு இனமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். ஒன்று, சுமை ஏற்றுவதற்கென்றே பிறந்த வேலை வண்டி. 2005-இல் டாடா நிறுவனம் கொண்டுவந்த ஏஸ், நம் மக்கள் வாயில் 'குட்டி யானை', இந்த இனத்தின் சிறிய பிள்ளை. முதலில் வந்தபோது அதற்கு 702 சி.சி. இரட்டை சிலிண்டர் டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை. 2011-இல் அசோக் லேலண்ட் ஓசூரிலிருந்து இறக்கிய தோஸ்த் ஒன்றேகால் டன்னுக்கு. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் இதே குலம்தான். மற்றது, உயரமாக, நான்கு கதவோடு, நான்கு சக்கரமும் இழுக்கும் வசதியோடு, பின்னால் சிறிய தொட்டியோடு வரும் வண்டி. 2016-இல் வந்த இசுஸு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை. விளம்பரத்தில் இவை ஆற்றைக் கடக்கும், பாறை மேல் ஏறும், மணலில் புழுதி கிளப்பும். அவற்றை இக்கட்டுரையில் விளையாட்டு வண்டி என்றே சொல்லப் போகிறேன். குறையாகச் சொல்லவில்லை. அவை நல்ல வண்டிகள். செய்யப்பட்ட நோக்கம் வேறு, அவ்வளவுதான்.

நான் நாமக்கல் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்பவன். கொல்லிமலையில் சோளக்காடு, செம்மேடு, அவற்றைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்குச் சர்க்கரை, எண்ணெய், அரிசி, சோப்பு, உப்பு என்று போகும். இறங்கும்போது வாழை, அன்னாசி, மிளகு, பருவத்தில் பலா என்று வரும். என் சகலையும் இதே தொழில்தான், கொஞ்சம் இளையவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில் வாசலில் ஆரன் சத்தம். வெளியே வந்து பார்த்தால், யானை நிறத்தில் ஒரு விளையாட்டு வண்டி நிற்கிறது. நெற்றியில் குங்குமம், சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

"அண்ணா, மலைக்குன்னே செஞ்ச வண்டிங்க இது. நாலு சக்கரமும் இழுக்கும். இனி வாடகை வண்டிக்காரன்கிட்ட கெஞ்ச வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட கோயிலுக்கும் போய்க்கலாம்" என்றார்.

எனக்கும் அன்று ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். விலைச்சீட்டு வாங்கி வைத்திருந்தேன். வாங்காமல் தடுத்தது என் கடைக் கணக்குப்பிள்ளை கேட்ட ஒரு கேள்வி: "இதுல எத்தனை மூட்டை ஏறுங்க?"

மூட்டையை எண்ணுங்கள்

எந்த வண்டிக்கும் இரண்டு எடை உண்டு. ஒன்று, சும்மா நிற்கும்போதுள்ள வெறும் எடை. இன்னொன்று, சுமையோடும் ஆட்களோடும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. மொத்தத்திலிருந்து வெறும் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நமக்குரியது. ஓட்டுநரும் ஏற்றியிறக்கும் ஆளும் அந்த மிச்சத்துக்குள்தான் அடக்கம். விற்பனையாளர் குதிரைச் சக்தியைச் சொல்வார், திரையின் அகலத்தைச் சொல்வார், இந்தக் கழித்தலை மட்டும் சொல்ல மாட்டார். நாமே கேட்டு வாங்க வேண்டும். ஆர்.சி.யிலும் கையேட்டிலும் இந்த எண்கள் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு விளையாட்டு வண்டியின் மொத்த எடை 2,900 கிலோ, வெறும் எடை 2,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 800. இருவர் மட்டும் போனால் 140 போக 660 கிலோ. 50 கிலோ சர்க்கரை மூட்டை 13 ஏறும். சகலை ஆசைப்பட்டபடி ஐந்து பேர் உட்கார்ந்து போனால் 450 கிலோ; ஒன்பது மூட்டை. வேலை வண்டியில் ஒன்றேகால் டன் சுமை என்றால், அதே இரண்டு ஆளைக் கழித்தும் 22 மூட்டை போகும். இத்தனைக்கும் வேலை வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குதான்.

இடம் என்பது இன்னொரு கணக்கு. நான்கு கதவு வைத்த பிக்கப்பில் பின் தொட்டி ஐந்து அடி நீளந்தான் இருக்கும். வேலை வண்டியில் ஏழு அடியிலிருந்து ஒன்பது அடி வரை. சர்க்கரை, சிமெண்டு போன்ற கனத்த சரக்குக்கு எடை முதலில் தடுக்கும். சிப்ஸ், பிஸ்கட், பிளாஸ்டிக் குடம், கோழித் தீவனத் தட்டு போன்றவற்றுக்கு இடம் முதலில் தடுக்கும். வாழைத்தார் இரண்டுக்கும் நடுவில்: நசுங்கக் கூடாது, அடுக்க முடியாது, கனமும் உண்டு. ஐந்தடித் தொட்டியில் தாரை நட்டுக்குத்தலாக வைத்தால் சில தார்தான். மேலே மேலே போட்டால் அடித் தார் சந்தைக்கு வரும்போது கறுத்திருக்கும்.

ஆகவே வண்டிக்கடைக்குப் போவதற்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். பதினைந்து நாளைக்கு, ஒவ்வொரு நடையிலும் என்ன ஏறியது, எத்தனை கிலோ, திரும்பும்போது என்ன வந்தது என்று பழைய சிட்டையின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள். பக்கத்தில் எடை மேடை இருந்தால் இரண்டு முறையாவது ஏற்றிப் பாருங்கள். நான் எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 'ஒரு டன் இருக்கும்' என்று இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் 1,300 கிலோவுக்குக் குறையாமல் இருந்தது.

வளைவும் ஏற்றமும்

மலை என்றதும் நான்கு சக்கர இழுவை வேண்டும் என்று நினைக்கிறோம். காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் அது தார்ச்சாலை. தார்ச்சாலையில் ஏறுவதற்கு வேண்டியது தாழ்ந்த கியரும், சுமைக்கேற்ற எஞ்சினும், நல்ல பிரேக்கும். நான்கு சக்கர இழுவை அங்கே பெரிதாக உதவாது. இத்தகைய பிக்கப்களில் வழக்கமாக வரும், வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகையை, காய்ந்த தார் ரோட்டில் போட்டுக்கொண்டே வளைத்து வளைத்து ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரம் போகும் தூரமும் பின் சக்கரம் போகும் தூரமும் வேறு வேறு. நடுவில் இரண்டையும் இறுகப் பூட்டிவிட்டால் முறுக்கம் ஏறி, தேய்மானம் டயரிலும் பல் சக்கரத்திலும் வந்து விழும். காசு கொடுத்து வாங்கிய வசதியை மலைப்பாதை முழுக்கத் தூங்க வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அது உயிர் பெறும் இடம் வேறு. தார்ச்சாலை முடிந்து, மழைக்காலத்தில் செம்மண் குழம்பிக் கிடக்கும் தோட்டத்துப் பாதை; ஓடையைக் கடந்து போகும் சிற்றூர். அங்கே வேலை வண்டி திணறும், அதுவும் காலியாக இருந்தால் பின் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். சுமை இருந்தால் பின் அச்சில் பாரம் அழுத்திப் பிடிப்பு கிடைக்கும் என்பது ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வியாபாரத்தில் எத்தனை கடை தார் ரோட்டின் மேல், எத்தனை கடை சேற்றுக்கு அப்பால் என்று எண்ணுங்கள். என் கணக்கில் முப்பத்தொரு கடையில் நான்கு மட்டுமே சேற்றுக்கு அப்பால். அந்த நான்கு கடைக்காரர்களும் மழை மாதத்தில் தார் ரோடு வரை தலைச்சுமையாகவோ டிராக்டரிலோ வந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மூட்டைக்கு இவ்வளவு என்று நான் விலையில் தள்ளித் தருகிறேன். அந்தத் தள்ளுபடி வருடம் முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு மாதத் தவணைக்கு வராது.

வளைவைப் பற்றி ஒன்று. குட்டி யானையில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2.1 மீட்டர். மேலே சொன்ன விளையாட்டு வண்டிகளில் 3 மீட்டருக்கும் மேல். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் நிற்கும்போது இந்த ஒரு மீட்டரின் அருமை தெரியும். ஒரே வீச்சில் திரும்பும் வண்டி வேறு, பின்னால் வந்து மறுபடி முன்னால் போகும் வண்டி வேறு. பின்னால் வண்டி வரிசை கட்டி ஆரன் அடிக்க, சுமையோடு பின்னோக்கி வருவது யாருக்கும் சுகமில்லை. வண்டி பெரிதாயிருந்தால் முள்ளுக்குறிச்சி வழியாகப் போகலாம். ஆனால் தூரமும் டீசலும் யோசிக்க வேண்டும்.

சுகம் என்று பார்த்தால் விளையாட்டு வண்டிதான். வேலை வண்டியின் பின்னால் இருப்பது கனத்த பட்டை. சுமையில்லாமல் ஓட்டினால் முதுகெலும்பை எண்ணிப் பார்த்துவிடலாம். ஆனால் அந்த முரட்டுப் பட்டைதான் 22 மூட்டையைத் தாங்குகிறது. மெத்தென்ற பட்டையுள்ள வண்டியில் அதே சுமையை ஏற்றினால் பின்பக்கம் தொங்கி, முன்பக்கம் தூக்கி, ஸ்டியரிங் லேசாகிவிடும். இறக்கத்தில் அது ஆபத்து. இறக்கத்துக்கு ஒரே விதி: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால், சூடேறி, நாற்றம் வந்து, பாதி மலையில் பிரேக் பிடிக்காது. இது இரண்டு இன வண்டிக்கும் பொது.

புத்தகம் சொல்வதே வண்டி

இனி வருவதுதான் நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம். வண்டியின் உருவம் எதுவாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருப்பதுதான். வெள்ளை போர்டு என்றால் சொந்த உபயோக வண்டி. மஞ்சள் போர்டு என்றால் சரக்கு வண்டி. பின்னால் தொட்டி இருக்கிறதே என்பதால் மட்டும் வெள்ளை போர்டு வண்டி சரக்கு வண்டியாகிவிடாது.

மஞ்சள் போர்டு என்றாலே பெர்மிட், அலைச்சல், செலவு என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்தில் பாதி தேவையில்லாதது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவே விலக்குத் தருகிறது. உரிமம்? 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. மட்டும் கட்டாயம்: எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டுதோறும். அதற்கென்று கடைப்பையன் ஒரு நாள் போய் நிற்க வேண்டும், அவ்வளவே.

வெள்ளை போர்டில் சிக்கல் எங்கே வருகிறது? இன்ஷூரன்ஸில். சொந்தக் கார் பாலிசியை எடுத்து, 'உபயோக வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். வாடகைக்கு ஓட்டுவதற்கும், சரக்கு ஏற்றுவதற்கும் அந்தப் பாலிசி செல்லாது என்று அதில் இருக்கும். மாதிரிச் சரக்கும் சொந்தப் பெட்டி படுக்கையும் மட்டுமே விலக்கு. இருபது மூட்டைச் சர்க்கரையை 'மாதிரி' என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது.

சகலைக்கு நடந்தது இதுதான். வாங்கிய எட்டாம் மாதம், மாலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கினார். மேலே மேலே அடுக்கியிருந்தார். கீழிருந்து எண்ணினால் இருபதாவது வளைவு சுமாருக்கு வந்தபோது பிரேக் நாறியிருக்கிறது. வண்டியைச் சுவரோரமாகத் தேய்த்து நிறுத்திவிட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை, அது மலைத்தெய்வத்தின் கருணை. வண்டியின் இடப்பக்கம் முழுக்கப் போயிற்று. பார்வையிட வந்தவர் முதலில் எடுத்த போட்டோ, உடைந்த கதவையல்ல, ரோட்டில் சிதறிக் கிடந்த வாழைத்தாரை. இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்தது மறுப்புக் கடிதம். ரூ.1,80,000 கைக்காசு. "வண்டி விற்கும்போது யாரும் இதைச் சொல்லலையே அண்ணா" என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ, நாம்தான் கேட்கவில்லை.

அளவுக்கு மேல் ஏற்றுவது மஞ்சள் போர்டிலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் உள்ள அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000, மேற்கொண்டு, கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கும் செலவும் நம்முடையது. நடுமலையில் பத்து மூட்டைச் சர்க்கரையை இறக்கி வைத்து, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தபடி இன்னொரு வண்டிக்குக் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

ஆள் ஏற்றுவது

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விடக் கூடாது. மலையில் பஸ் குறைவு. சந்தை முடிந்து நிற்கும் மக்கள் நம் வண்டியைப் பார்த்துக் கை நீட்டுவார்கள். அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். இருபது வருடமாகக் கணக்கு வைத்து வாங்குகிறவர்கள். கிழவி ஒருத்தி பையோடு நிற்கும்போது எப்படி வண்டியை நிறுத்தாமல் போவது?

ஆனால் சட்டம் இரக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏற்றிக்கொண்ட பயணிக்கு விபத்து நேர்ந்தால், கட்டாய இன்ஷூரன்ஸ் அவருக்குப் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தீர்த்துவிட்டது. சரக்கின் சொந்தக்காரர், அல்லது அவர் சார்பில் சரக்கோடு வருபவர், 1994 திருத்தத்தின்படி பாதுகாப்புக்குள் வருவார். அவரும் முன் இருக்கையில் உட்கார வேண்டும். மூட்டை மேல் உட்கார்ந்து வருகிறவருக்கு ஒன்றுமில்லை. நட்ட ஈட்டை வண்டிச் சொந்தக்காரர் தன் கையிலிருந்து தர வேண்டிவரும். கடையே போய்விடும் தொகையாகக்கூட இருக்கலாம். பணத்தை விடுங்கள், மூட்டை சரிந்து ஒருவர் விழுந்தால் அந்த ஊருக்குள் மறுபடி எந்த முகத்தோடு போவோம்?

ஆள் விஷயத்தில் விளையாட்டு வண்டிக்கு ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பேர் பெல்ட் போட்டு உட்காரலாம். குடும்பத்துக்கும் பண வசூலுக்கும் தோட்டம் பார்க்கவும் போகிறவருக்கு அது ஏற்ற வண்டி. சரக்குக்கு வேறு வண்டி இருக்குமானால் தாராளமாக வாங்கட்டும். இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் என்று நம்பி வாங்குவதுதான் தவறு.

வரி

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நம்மைப் பொறுத்தவரை அதைவிட முக்கியம், கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்பது. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை ஏறும், ஆட்களை ஏற்றும் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு நம் போன்ற கடைக்காரர்களுக்குக் கிடையாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு உண்டு. ரூ.7 லட்சம் விலைக்கு 18 சதவீதம் என்றால் ரூ.1,26,000, இதை நம் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். தொகுப்பு முறையில் வரி கட்டுகிறவருக்கு இந்த வசதி இல்லை. வரியில்லாத சரக்கும் சேர்த்து விற்கிறவர் அந்த விகிதத்தைக் கழித்துத்தான் எடுக்க வேண்டும். வரித்தொகைக்கும் சேர்த்துத் தேய்மானம் போட்டுவிட்டால் வரவு போய்விடும், இதை ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

நான்கு கதவு பிக்கப் எந்த வகுப்பு என்பதில் குழப்பம் வரும். விலைச்சீட்டில் எச்.எஸ்.என். எண்ணைப் பாருங்கள்: 8703 என்று தொடங்கினால் ஆள் வண்டி, 8704 என்றால் சரக்கு வண்டி. 8704 என்று இருந்தாலும், வெள்ளை போர்டில் பதிந்து குடும்பத்தோடு சுற்றினால், வரவு எடுப்பதற்கு முன் ஆடிட்டரின் கருத்தைக் கேட்டுவிடுவது நல்லது. நம் மாநிலச் சாலை வரியும் இரண்டுக்கும் வேறு. சரக்கு வண்டிக்கு எடையை வைத்து வரி. கார் வகையில் சொந்த உபயோகத்துக்குப் பதிந்தால் விலையை வைத்து ஆயுள் வரி. 2023 நவம்பர் உயர்வுக்குப் பிறகு ரூ.20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு அது 20 சதவீதம். ரூ.25 லட்சம் வண்டிக்கு ரூ.5 லட்சம். ஒரு குட்டி யானையின் விலையே அந்த அளவில்தான்.

மூட்டைக்கு எவ்வளவு?

இனி எல்லாவற்றையும் நமக்குப் பழகிய ஒரே கணக்கில் கொண்டுவருவோம். வட்டி 10 சதவீதம், ஐந்து வருடத் தவணை என்றால், லட்ச ரூபாய்க்கு மாதம் ரூ.2,125 அளவில் வரும். ரூ.8 லட்சம் கடனுக்கு ரூ.17,000. ரூ.25 லட்சம் கடனுக்கு ரூ.53,100. வாரம் மூன்று நடை, மாதம் 13 நடை என்று வையுங்கள். வேலை வண்டியில் நடைக்குத் தவணைப் பங்கு ரூ.1,307, 22 மூட்டைக்குப் பிரித்தால் மூட்டைக்கு ரூ.59. விளையாட்டு வண்டியில் நடைக்கு ரூ.4,085, 13 மூட்டைக்குப் பிரித்தால் ரூ.314.

டீசல், டிரைவர் சம்பளம், டயர், இன்ஷூரன்ஸ் எதுவும் இதில் சேரவில்லை. மூட்டைக்கு ரூ.255 வித்தியாசம். ஒரு மூட்டைச் சர்க்கரையில் நமக்கு என்ன நிற்கிறது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை, கல்லாவில் உட்காருகிற எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் நடை எண்ணிக்கை வேறாக இருக்கும். மாதம் ஐந்து நடைக்கும் குறைவு என்றால் வேலை வண்டியே கட்டுபடியாகாமல் போகலாம். அப்போது வாடகைதான் மலிவு. என் சிட்டையைப் பார்த்து, மாதம் எட்டு நடைக்குக் கீழே போனால் வண்டியை விற்றுவிடுவது என்று நானே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மற்ற சில கேள்விகள்

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பொலேரோ கேம்பர், இசுஸு எஸ்-கேப் போன்றவை நான்கு கதவோடு, ஆனால் சுமைப் பட்டையோடு, சரக்கு வண்டியாகவே பதிவாகும். ஏற்றியிறக்கும் ஆட்கள் நாலைந்து பேர் கூடவே போக வேண்டிய தொழிலுக்கு, உதாரணமாகப் பந்தல், மின் சாதனம், டைல்ஸ் வேலைக்கு, இது பொருந்தும். மளிகைக்குத் தொட்டி நீளம் போதாது.

மூன்று சக்கர லோடு ஆட்டோ ஊருக்குள் கடைக்குக் கடை போட நல்லது. சந்துக்குள் திரும்பும், பராமரிப்பு குறைவு. மலைக்கு வேண்டாம். முன்னால் ஒற்றைச் சக்கரம், மேலே பாரம், சரிவில் வளைவு, இவை மூன்றும் சேரக் கூடாத கூட்டு.

தோட்டம் வைத்திருக்கும் சில உறுப்பினர்கள், கடற்கரை விடுதிகளில் வாடகைக்கு ஓட்டும் நாற்சக்கர ஏ.டி.வி. பற்றியும் கேட்டார்கள். அதிலும் இதே இரண்டு இனம்தான். வேலை ஏ.டி.வி.யில் முன்னும் பின்னும் இரும்புத் தட்டு, பின்னால் இழுவைக் கொக்கி, தாழ்ந்த கியர், பெரும்பாலும் தானியங்கிப் பல்சக்கரம். விளையாட்டு ஏ.டி.வி.யில் தட்டும் இல்லை, கொக்கியும் இல்லை. எடை குறைவு, துள்ளலைத் தாங்கும் நீண்ட அதிர்வுத் தாங்கி, கைக் கிளட்ச். வேலை வகையிலேயே முன் தட்டு சுமார் 40 கிலோ, பின் தட்டு சுமார் 80 கிலோ. மிளகுச் சாக்கைத் தோட்டத்துக்குள் இழுத்துவர உதவும். சாலையில் ஓட்டப் பதிவு கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள், பெரும்பாலானவற்றுக்குக் கிடைக்காது. தோட்டத்திலிருந்து நம் கடை வரை ஓட்டி வர முடியாத வண்டி அது.

கடைசியாகச் சரக்கு இன்ஷூரன்ஸ். வண்டிப் பாலிசி வண்டிக்கும் மூன்றாம் ஆளுக்கும்தான். உள்ளே இருக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் தனியாகப் போக்குவரத்துப் பாலிசி எடுக்க வேண்டும். வருடம் முழுமைக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக எடுத்தால் ஒவ்வொரு நடைக்கும் ஓட வேண்டியதில்லை. சகலை இப்போது தன் வாழைத்தாரை என் வண்டியில்தான் இறக்குகிறார், நடைக்கு இவ்வளவு என்று பேசி. அவருடைய வண்டி சரிசெய்யப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறது. போன மாதம் நானும் அதில் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போய் வந்தேன். 70 வளைவிலும் முதுகு வலிக்கவில்லை.